வாசலுக்கு அடங்காத பிள்ளையார்

மலாக்காவில், காஜா பெராங்கில் தம்பிராஜா வீட்டுக்குப் போகிறவர்கள், உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. பசை காய்ந்திருக்காது.

அந்த வீட்டில் அந்தி விளக்கேற்றி, தேவாரம் பாடி, திருநீறு பூசியானதும் கூடத்தில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பிவிடுவார்கள். தம்பிராஜா மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டுவார். அவர் மனைவி பாக்கியலட்சுமி மரவள்ளி மாவில் பசை காய்ச்சுவாள். மகள் விஜயா வண்ணக் காகிதம் வெட்டுவாள். பாக்கியத்தின் தம்பி மருதமுத்து, அக்காள் வீட்டோடு இருப்பவன், சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாருக்கும் யோசனை சொல்லுவான். காகிதத்தில் பூ, கூண்டு விளக்கு, பறவை என்று ஏதாவது ஒன்று செய்வதுதான் அந்தக் குடும்பத்தின் பொழுதுபோக்கு. சண்டை போட நேரம் கிடைக்காததால் வீடும் அமைதியாக இருந்தது.

போன நவராத்திரிக்கு அவர்கள் ஒரு மயில் செய்தார்கள். கொலுப் பார்க்க வந்த ஓர் அம்மாள் அதை அன்போடு தடவிக் கொடுத்து, "கோழி ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் செய்தி தம்பிராஜா வேலை செய்த சுங்க அலுவலகம் வரை போய்விட்டது. பல நாள் அவரைப் பார்த்ததும் யாராவது ஒருவர் கொக்கரிப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு ஆகஸ்டில், மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளன்று கடலோரத் திடலில் ஊர்வலம் என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு கம்பத்தாரும், அதாவது குடியிருப்பாரும், ஏதாவது ஓர் அலங்காரம் கொண்டு வரலாம். அலுவலகத்தில் பேச்சு வந்தபோது தம்பிராஜா எழுந்து நின்று, "காஜா பெராங்கிலேருந்து யானை வரும். திடலைச் சுத்தும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது.

அன்று மாலை வீட்டில் அவர் சொன்னார்: "இந்தத் தடவையும் சிரிச்சாங்கன்னா, இனிமே இந்த வீட்டுலே பசைச் சட்டி அடுப்பு ஏறாது. எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவேன்."

"சும்மா சொல்றாரு" என்றான் மருதமுத்து.

ஆனால் விஜயாவுக்கு அப்பாவின் முகம் தெரியும். அவர் சும்மா சொல்லவில்லை.

மழைக்காலமாக இருந்ததால் யானையைக் கூடத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார்கள். மருதமுத்து ஒரு கயிற்றால் வாசல் நிலையை அளந்து, யானையின் எலும்புக்கூட்டையும் அளந்து, "தாராளமா போகும் மச்சான்" என்றான். அது உண்மைதான். எலும்புக்கூடு தாராளமாகப் போயிருக்கும்.

பாக்கியத்துக்குத்தான் மனம் கேட்கவில்லை. "என்னங்க இது, பட்டினி கிடந்த யானை மாதிரி இருக்கு. பாத்தாலே பாவமா இருக்கே" என்று வயிற்றில் கொஞ்சம் மூங்கில் வளைத்துக் காகிதம் சேர்த்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சோறு போட்டே பழகிய கை அது. யானை நாளொரு வண்ணம் பூரித்தது. கூடத்தில் மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அந்த வாரத்திலேயே விநாயகர் சதுர்த்தியும் வந்தது. வழக்கமாக மருதமுத்து ஆற்றங்கரையிலிருந்து களிமண் கொண்டு வருவான். பிள்ளையார் பிடித்துப் பூசை செய்வார்கள். அந்த வருடம் அவன் மறந்துபோனான். கொழுக்கட்டை வெந்து தயாராக இருந்தது. பிள்ளையார்தான் இல்லை.

பாக்கியம் இட்லிச் சட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தாள். தும்பிக்கை இருந்தது. வயிறு இருந்தது. முறம் போன்ற காதுகளும் இருந்தன.

"விஜயா, அருகம்புல் பறிச்சிட்டு வா."

"அம்மா, பிள்ளையாருக்கு நாலு கால் கிடையாதும்மா."

"அவருக்கு எத்தனை கால் வேணும்னு அவருக்குத் தெரியும். நீ போய்ப் பறிச்சிட்டு வா."

யானையின் நெற்றியில் திருநீறும் குங்குமமும் ஏறின. கழுத்தில் அருகம்புல் மாலை விழுந்தது. கொழுக்கட்டை படைத்து, சூடம் காட்டி, நால்வரும் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார்கள். அப்போது யாரும் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மெர்டேக்கா நாள் விடிந்தது. ஊர்வலம் பிற்பகலில். பக்கத்து வீட்டு நல்லையா தன் தள்ளுவண்டியைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அவர் மலாக்கா செட்டி. அவருடைய மக்கள் பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தவர்கள். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய்.

முதலில் தும்பிக்கை வெளியே போனது. பிறகு தலை போனது. காதுகளை மடக்கியதும் கழுத்தும் போனது. தெருவில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அதோடு யானை நின்றுவிட்டது.

"தள்ளு மருது!"

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்! நீங்க இழுங்க!"

"இழுத்தா தலை கையோட வந்துடும்டா!"

சன்னல் அதைவிடச் சிறியது. பின்வாசலில் கிணற்றடிச் சுவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நல்லையா வெளியிலிருந்து கையால் அறுத்துக் காட்டினார். "போத்தோங் பெருட் லா, ராஜா." வயிற்றை வெட்டச் சொன்னார்.

தம்பிராஜா கத்தியை எடுத்தார். பாக்கியம் யானைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"என்ன செய்யறீங்க?"

"வயித்தை மட்டும் வெட்டி, வெளியே கொண்டு போய் ஒட்டிக்கலாம் பாக்கியம்."

"சூடம் காட்டிக் கும்பிட்டிருக்கோம். கொழுக்கட்டை சாப்பிட்ட வயிறுங்க அது!"

தம்பிராஜா கத்தியைக் கீழே வைத்தார். நல்லையா எட்டி, நெற்றியை மறைத்து மடங்கியிருந்த காதை விலக்கி, குங்குமத்தைப் பார்த்தார். "ஆலாமா! சாமி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தா போலே, தா போலே." வெட்டவே கூடாதென்று தலையை ஆட்டினார். யோசனை சொன்ன கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் மருதமுத்து. "சதுர்த்தி முடிஞ்சா பிள்ளையாரைத் தண்ணியிலே கரைக்கிறதுதானே வழக்கம்? இங்கேயே நாலு வாளி ஊத்தினா..."

பாக்கியம் அவனைப் பார்த்தாள். அவன் மீதியை விழுங்கிக்கொண்டான்.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். அது பலகை வீடு. வாசலை ஒட்டி நான்கைந்து பலகைகளைக் கழற்றினால் யானை போய்விடும். ஆனால் வீடு வைரவன் செட்டியாருடையது. ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டிருந்தார். அதனால் அந்த வீட்டில் நாட்காட்டி, சாமி படம், கண்ணாடி எல்லாம் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கின. காற்றடித்தால் முருகனும் லட்சுமியும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள்.

"செட்டியார்கிட்டே யார் கேட்கிறது?" என்றார் தம்பிராஜா. "விடுங்க. யானை வரலேன்னு நான் ஆபீஸ்லே சொல்லிக்கிறேன்."

விஜயா சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்போதே ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குப் பறந்தாள். அங்கே பிள்ளையார் கோயிலுக்கு இரண்டு கடை தள்ளி இருந்தார் செட்டியார். வீட்டுச் சுவர் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "செட்டியாரே, எங்க வீட்டுப் பிள்ளையார் வெளியே வர முடியாம மாட்டிக்கிட்டாரு. நீங்க வரணும்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று சக்கரத் திரிஷா வண்டி வந்து நின்றது. குடையோடு இறங்கிய செட்டியார், தன் வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்க்கும் தும்பிக்கையைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"முருகா!" என்றார். "உங்க அண்ணன் எப்ப இங்கே குடி வந்தாரு?"

செருப்பைக் கழற்றினார். குடையை நல்லையாவிடம் கொடுத்தார். தெருவிலேயே தலையில் குட்டிக்கொண்டு, தொப்பை இடம் கொடுத்த மட்டும் தோப்புக்கரணம் போட்டார். பிறகு கிணற்றடி வழியாகச் சுற்றி உள்ளே வந்தார். யானையின் வயிற்றைப் பார்த்தார். நிலையைப் பார்த்தார். பலகைகளைத் தட்டிப் பார்த்தார்.

"எம்மாம் பெரிய வயிறு! யார் செஞ்சது?"

"நான்தான் செட்டியாரே, கொஞ்சம் கொஞ்சமா..." என்றாள் பாக்கியம்.

"நல்லாச் செஞ்சிருக்கீக." அவர் மருதமுத்துவின் பக்கம் திரும்பினார். "என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கிறே? சுத்தியலைக் கொண்டா. பலகையைக் கழட்டு."

"செட்டியாரே, ஆணி..." என்று இழுத்தார் தம்பிராஜா.

"ஆணி அடிக்கத்தான் கூடாதுன்னேன். பிடுங்கக் கூடாதுன்னு எப்பச் சொன்னேன்?"

முதல் ஆணியை அவரே பிடுங்கினார். ஒரு கணம் முகம் சுருங்கியது, அவ்வளவுதான். நல்ல மனம் சிலரிடம் கண்டிப்புக்கு அடியில் இருக்கும். கொஞ்சம் தட்டினால் வெளியே வந்துவிடும்.

யானை பக்கவாட்டில் ஆடி அசைந்து தெருவுக்கு வந்து வண்டியில் ஏறியபோது காஜா பெராங்கே கூச்சலிட்டது. முதுகில் மலாயாக் கொடியைச் செருகினார்கள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் செட்டியார். "சாமி புறப்பாடுன்னா முறை இருக்கு. வழியிலே யார் சூடம் ஏத்தினாலும் வண்டி நிக்கணும்."

"அதுக்கென்ன, நிப்பாட்டிடலாம்" என்றார் தம்பிராஜா. சுவரைத் திறந்து கொடுத்த மனிதர் கேட்கிறார், மறுக்க முடியுமா? அந்த நேரத்தில் அவர் எதற்கு வேண்டுமானாலும் சரி சொல்லியிருப்பார்.

அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்த வழியில் எத்தனை வீடுகளில் சூடம் இருக்கிறது என்று. முதல் வீட்டில் தேங்காய் உடைத்தார்கள். அடுத்த வீட்டில் குழந்தையைத் தும்பிக்கைக்கு அடியில் கிடத்தி எடுத்தார்கள். நல்லையாவின் உறவினர் வீடுகள் வரிசையாக இருந்தன. அங்கே ஒவ்வொரு வாசலிலும் சாம்பிராணி. சாலை முனையில் ஒரு சீனக் கடைக்கார அம்மாள் ஊதுவத்திக் கட்டோடு ஓடிவந்தாள்.

"செட்டியாரே, இது சூடம் இல்லையே, ஊதுவத்திதானே?" என்றான் மருதமுத்து நம்பிக்கையோடு.

"வாசனை வந்தா நிறுத்து."

பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் குருக்களே தீபாராதனைத் தட்டோடு இறங்கி வந்துவிட்டார். பிள்ளையாரைப் பார்க்கப் பிள்ளையாரே வந்ததாக நினைத்தாரோ என்னவோ, அர்ச்சனை நீண்டுகொண்டே போனது. தம்பிராஜா கைகளைக் கூப்பியபடி வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, பட்டாசுச் சத்தம் கேக்குது" என்றாள் விஜயா மெல்ல. "முடிஞ்சிருச்சு போல."

"சாமி கும்பிடும்போது பேசாதேம்மா" என்றார் அவர்.

அவர்கள் கடலோரத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாருமில்லை. நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு கடைசி லாரியும் போய்விட்டது. புல்லெல்லாம் காகிதக் கொடியும் கச்சான் கடலைத் தோலுமாகக் கிடந்தது. வெறும் மேடையில் ஒரு தோரணம் காற்றில் ஆடியது.

தம்பிராஜா வண்டியின் பிடியை விட்டார்.

"திரும்புவோம்" என்றார். "திங்கக்கிழமை ஆபீஸ்லே என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். போய் அந்த மூங்கிலையெல்லாம் மூட்டை கட்டு விஜயா."

செட்டியார் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னாலேதான் நேரமாச்சு" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்போது மேடைக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தோடு ஒரு மலாய்க்காரர் வந்தார். திடலைப் பெருக்குகிறவர். யானையைக் கண்டதும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"வாஹ்! காஜா!" என்று இரண்டு கையையும் தட்டினார். மலாயில் யானைக்குக் காஜா என்று பேர். கிட்டே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாள் முழுவதும் மேடைக்குப் பின்னால் சாக்கடைப் பக்கம்தான் அவருக்கு வேலையாம். ஊர்வலத்தில் ஜனங்களின் முதுகைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லையாம். "இது எங்கே போகிறது?" என்று மலாயில் கேட்டார்.

"வீட்டுக்கு" என்றான் மருதமுத்து.

அவருடைய முகம் வாடியது.

பாக்கியம் கணவரின் பக்கத்தில் வந்து நின்றாள். "என்னங்க, அவரு ஒண்ணுமே பாக்கலையாம்."

"ஆமா, கேட்டேன்."

"திடலைச் சுத்தும்னுதானே சொன்னீங்க? எத்தனை பேரு பாக்கணும்னு சொல்லலையே."

தம்பிராஜா அந்த மனிதரைப் பார்த்தார். அவர் நல்ல இடமாகப் பார்த்து, காகிதக் குப்பையைக் காலால் ஒதுக்கிவிட்டு, மேடையின் படியில் உட்கார்ந்துகொண்டார். சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார்.

இதற்குப் பிறகு எப்படித் திரும்புவது? தம்பிராஜா வண்டியின் பிடியைப் பற்றினார். மருதமுத்து பின்னால் தள்ளினான். நல்லையா கையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே ஏதோ ஒரு மலாய்ப் பாட்டை எடுத்துவிட்டார். பாக்கியமும் விஜயாவும் அதற்கு மேலே விநாயகர் துதி பாடினார்கள். இரண்டும் சேரவே இல்லை. செட்டியார் குடையை விரித்து யானைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். உயரம் போதாததால் அது தம்பிராஜாவின் தலைக்குத்தான் வந்தது. யானை காதை ஆட்டிக்கொண்டு திடலைச் சுற்றியது. மேடைக்கு நேரே வந்தபோது அந்த மனிதர் எழுந்து நின்று, மந்திரிகளைப் போலக் கையை உயர்த்தி அசைத்தார். தம்பிராஜா குனிந்து வணங்கினார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

சுற்றி முடித்ததும் அந்த மனிதர் வந்து தும்பிக்கையைத் தொட்டுப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: செமாபோக் என்ற ஊரில், வீட்டில் மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசிப் பிள்ளைக்கு அம்மை போட்டு எழுந்ததால் யாரும் வரவில்லை. நாளைக்கும் இந்த யானை வருமா?

எல்லாரும் தம்பிராஜாவைப் பார்த்தார்கள். அவர் யானையின் கிழிந்த காது நுனியை விரலால் அழுத்தி ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். அது ஒட்டவில்லை.

"வீட்டுலே பசை இருக்கா பாக்கியம்?"

"காய்ச்சினா ஆச்சு."

அவர் அந்த மனிதரிடம் திரும்பி, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

"மருது" என்றார் செட்டியார், மூச்சு வாங்கிக்கொண்டே. "அப்ப அந்தப் பலகையை இன்னைக்கு மாட்ட வேண்டாம்."