இலைக்கு ஓர் அறை

மூன்றாம் மாடியில் எட்டுப் பேர் குடியிருந்த ஒற்றை அறை வீட்டின் சுவரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, தீப்பெட்டி அளவில் இன்னோர் அறை முளைத்தது. கதவு இருந்தது, சன்னல் இருந்தது, சன்னல் வழியே வெயிலும் வந்தது. வீட்டின் சின்ன மருமகள்தான் முதலில் பார்த்தாள். சட்டைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பொத்தான் தைக்கிறவள் கண்ணுக்குச் சின்னச் சாமான் எதுவும் தப்பாது. காரணமும் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தொழிற்சாலையில் யாரோ தண்ணீரை ஊற்றி ஊற்றி அழுகவைத்துக் குப்பையில் எறிந்த தடித்த இலைச் செடியிலிருந்து ஒரு தண்டை ஒடித்து வந்து, வெட்டுவாய் காயட்டும் என்று மூன்று நாள் ஃப்ரிட்ஜ் தலைமேல் போட்டுவைத்து, பிஸ்கட் டப்பா மணலில் ஊன்றி, அந்தச் சுவரடியில்தான் வைத்திருந்தாள். அன்று காலை லேசாக இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. வேர் பிடித்திருந்தது.

செடி வளர வளர அறையும் வளர்ந்தது. முதல் வாரம் பிள்ளைகளின் பொம்மை உள்ளே போனது, மூன்றாம் வாரம் பூனை போனது, ஆறாம் வாரம் மாமனார் குறட்டையோடு போய்ச் சேர்ந்தார். செடிக்குத் தெருமுனை நாற்றுக் கடைக்காரர் வாயில் நுழையாத ஏதோ பெயர் சொன்னார். வீட்டில் தடியன் என்றே கூப்பிட்டார்கள். சின்ன மருமகள் இலை இலையாகக் கிள்ளி, காயவைத்து, கரண்டியால் சொட்டுத் தண்ணீர் விட்டு நட்டாள். இரண்டாம் அறையை ஓரகத்தியும் அவள் கணவரும் எடுத்துக்கொண்டார்கள், மூன்றாவதை அவர்கள் பிள்ளைகள். நான்காவதைச் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த நாத்தனார், பார்த்தாள், போகவில்லை. ஐந்தாவதில் பழைய சாமான் ஏறியது. ஆறாவதில் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் டிரம்பெட் பழகினார். வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் ஓர் அங்குலம்கூடப் பெருக்கவில்லை. வீட்டுக்காரர் டேப்போடு வந்து அளந்தார். நாத்தனாரின் கட்டிலை எட்டுவதற்குள் டேப் தீர்ந்துபோனது. அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, தனக்கும் இரண்டு இலை கேட்டு வாங்கிப்போனார்.

இடம் கிடைக்காதவர்கள் இரண்டே பேர். சின்ன மருமகளும் அவள் கணவனும் நான்கு வருடமாகச் சமையலறை வாசலில்தான் பாய் விரித்தார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் தனியாகப் பேசியதெல்லாம் அவன் பழுது பார்க்கும் லிஃப்டுகளுக்குள்தான். அவள் சாப்பாடு எடுத்துப் போவாள். அவன் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே பத்து நிமிடம் நிறுத்துவான்.

"அடுத்த இலை நமக்குன்னு அத்தைகிட்ட சொல்லுங்களேன்."

"நானா? நீயே சொல்லேன்."

"என் வாயால எப்படிங்க சொல்றது?"

மேலே யாரோ கதவைத் தட்டினார்கள். அவன் பொத்தானை அமுக்கிவிட்டான்.

அவளுக்கு வந்த கோபத்தில் அன்றே ஓர் இலையைக் கிள்ளி, சோப்புப் பெட்டியில் நட்டு, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அங்கே சுவரில் ஏழாம் அறை அரும்பியது. முன்னால் அரிசி மூட்டையை நகர்த்தி மறைத்தாள். செடி பெரிதானதும், தினமும் பதினாலு மணி நேரம் இருட்டில் கிடந்தால்தான் பூக்கும் என்று கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. செடியை அந்த அறைக்குள் சன்னலோரம் வைத்து, சாயங்காலம் ஆறு மணிக்குச் சட்டை அட்டைப்பெட்டியால் மூடி, காலை எட்டுக்குத் திறந்தாள். நாற்பது நாள் ஒரு நாள் தவறவில்லை. நாற்பத்தோராம் நாள் ஆரஞ்சுக் கொத்தாகப் பூத்துத் தொலைத்தது. கதவிடுக்கு வழியே ஆரஞ்சு வெளிச்சம் வழிந்து, சமையலறை முழுக்கப் பழச்சாறு கொட்டியதுபோல் ஆகிவிட்டது.

அரிசி எடுக்க வந்த மாமியார் மூட்டையை நகர்த்தினாள். குடும்பமே கூடிவிட்டது. சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்து, தன் அறையைவிட இது பெரிது என்றார்.

"இது யாருக்கு?" என்றாள் மாமியார்.

சின்ன மருமகள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். கணவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்களுக்கு, அத்தை."

அந்த வீட்டில் அவள் ‘எங்களுக்கு’ என்ற வார்த்தையைச் சொன்னது அதுவே முதல்முறை. மாமியார் உள்ளே போய் நாலு மூலையையும் பார்த்தாள், கதவின் பின்பக்கத்தைத் தடவினாள். முளைக்கும் அறைகளுக்குத் தாழ்ப்பாள் முளைப்பதில்லை.

"பெரியவனே, கடைக்குப் போய் நல்ல தாழ்ப்பாளா ஒண்ணு வாங்கிட்டு வா. உள்பக்கம் போடறது." பிறகு மருமகளிடம் திரும்பினாள். "நாலு வருஷமா வாயத் தொறந்து கேட்டிருந்தா முத்தா உதிர்ந்திருக்கும்?"

அன்று சாயங்காலம் இருவரும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் ஆனதும் அவன் பழக்கதோஷத்தில் பொத்தானைத் தேடிச் சுவரைத் தடவினான். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, அவனுக்கும் தொற்றியது. சுவர் சுவராக அது பரவி, காரணம் தெரியாமலே ஆறு அறைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. சித்தப்பாவின் டிரம்பெட்டிலிருந்து காற்று மட்டும் வந்தது.

அடுத்த சில வருடங்களில் தெருவில் தடியன் இல்லாத வீடு இல்லை என்றாகிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, வீட்டில் எத்தனை அறை என்று கேட்டார்.

"இன்னிக்குக் காலைல வரைக்குமா?" என்றாள் மாமியார்.

அவர் பேனாவை மூடிப் பையில் செருகிவிட்டு, பென்சிலை எடுத்தார்.