தாத்தா வாங்காத சோப்பு

"யார் எதைக் கேட்டாலும் 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க நம்ம பெரியவர்!" என்று மைக்கில் முழங்கினார் வியாபாரிகள் சங்கத் தலைவர். இரங்கல் கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. முன்வரிசையில் இருந்த பேத்திக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? நாற்பத்தெட்டு வருடம் சாவிக்கடை நடத்திய தாத்தாவின் வாயில் அதிகம் வந்த வார்த்தையே 'முடியாது'தான். மாற்றுச் சாவி வேண்டுமா, பூட்டைக் கொண்டு வா. பூட்டைக் கழற்ற முடியாதா, வீட்டுக்காரரைக் கூட்டி வா. சோப்பில் சாவியை அழுத்தி அச்செடுத்துக்கொண்டு, திருதிருவென்று முழித்தபடி வருகிறவர்களிடம் மட்டும் அவர் வாதாடவே மாட்டார். சோப்பை வாங்கிப் பின்பக்கக் குழாயடியில் வைத்துவிடுவார். "கிரீஸ் கையைக் கழுவ ஆச்சு. போயிட்டு வாங்க." கடைக்கென்று அவர் சோப்பு வாங்கிப் பேத்தி பார்த்ததே இல்லை. வாசனைச் சோப்பு, துணிச் சோப்பு, ஒருமுறை குழந்தைச் சோப்புகூட வந்தது. "ஊர்ல திருட்டுப் புத்தி இருக்கிற வரைக்கும் நமக்குச் சோப்புப் பஞ்சமில்ல" என்று சிரிப்பார். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் செத்து ஒரு மாதம் ஆவதற்குள் தலையாட்டி பொம்மை ஆக்கிவிட்டார்கள்.

தலைவர் நிறுத்துவதாக இல்லை. "கடையை இனி நான் எடுத்து நடத்துறேன். போர்டுல பெரியவர் பேரு அப்படியே இருக்கும். யாரும் கடைக்கு வரவே வேண்டாம். சாவியைப் போட்டோ புடிச்சு அனுப்புங்க, அரை மணி நேரத்துல டூப்ளிகேட் வீடு தேடி வரும்!"

கைதட்டல். சித்தப்பா எழுந்து கடைச் சாவியை மேடை மேசையில் வைத்தார். பன்னிரண்டு வருடம் அந்தக் கடையில் நின்று சாவி வெட்டியவளை யாரும் கேட்கவில்லை. அவளாகப் போய்க் கேட்டபோது, "பொம்பளப் புள்ள, தனியா எப்படிம்மா சமாளிப்ப?" என்று சித்தப்பா வாயை அடைத்துவிட்டார். இனி தாத்தா பேருக்குக் கீழேயே திருடனுக்குச் சாவி கிடைக்கும். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா?

பேத்தி எழுந்தாள். காலையில் கடையிலிருந்த தன் சாமான்களை எடுத்தபோது, இழுப்பறையின் அடியில் கிடைத்த காகிதப் பொட்டலம் பையில் இருந்தது.

"எங்க தாத்தா முடியாதுன்னு சொல்லியிருக்கார். இதுக்குத்தான்." பிரித்துக் காட்டினாள். பச்சைச் சோப்பு. நடுவில் ஒரு பீரோ சாவியின் அச்சு, மூன்றாவது பல் மட்டும் பாதி உடைந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால் இதே தலைவர் கொண்டுவந்த சோப்பு. இதை மட்டும் தாத்தா குழாயடிக்கு அனுப்பவில்லை. "அவங்க அக்கா பீரோ இது. பூட்டு நான் போட்டது. நான் சாவிய வெட்டுறவன், உறவ வெட்டுறவன் இல்ல. நீயும் வாயத் திறக்காத" என்றவர், "ஏதாச்சும் காணாமப் போனா அப்ப பேசலாம்" என்று பொட்டலம் கட்டினார்.

"யார் கொண்டுவந்ததுன்னு சொல்லக் கூடாதுன்னார். சொல்ல மாட்டேன்" என்றாள் பேத்தி. "ஆனா முடியாதுன்னே சொல்லாதவர்னு மட்டும் சொல்லாதீங்க. அவர் கட்டிக் காத்ததே அந்த ஒரு வார்த்தையைத்தான்."

தலைவரின் நெற்றி வேர்த்தது. "எவனோ கொண்டுவந்த சோப்புக்கு இங்க என்னம்மா பேச்சு? உக்காரு, உக்காரு."

"அதை இங்க குடும்மா" என்றது ஒரு குரல்.

முன்வரிசைக் கடைசி நாற்காலியில் தலைவரின் அக்கா. தம்பி பேசுவதைக் கேட்கவென்றே வந்திருந்த அம்மாள். சோப்பை மடியில் வைத்து உற்றுப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த கொத்தை எடுத்து, அதிலிருந்த பழைய சாவி ஒன்றை அச்சுக்குள் வைத்தார். உடைந்த பல் வரைக்கும் அப்படியே படிந்தது.

"தம்பி" என்றார் அந்த அம்மாள், ரொம்ப மெதுவாக. "மைக்கைக் கீழ வை."

வைத்தார். அக்கா எழுந்து போய், மேசையிலிருந்த கடைச் சாவியை எடுத்துச் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தலை குனிந்துகொண்டார்.

சாவி பேத்தியின் கைக்கு வந்தது.

"நாளைக்குக் கடை திறந்ததும் வரேன்" என்றார் அக்கா. "பீரோவுக்குப் புதுப் பூட்டு போடணும்."