எடை குறையாத கார்ட்ரிட்ஜ்

மாமனார் ஆயுசெல்லாம் மளிகை வியாபாரம் பார்த்தவர். உப்பு புளியிலிருந்து உறவுக்காரர் வரை எதையும் தராசில் ஏற்றாமல் நம்பியதில்லை. கடைசிக் காலத்தில் மளிகையை மூடிவிட்டு வில்லியனூர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்தார். அவர் கண்ணை மூடியதும் இரண்டு மருமகள்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டபோது, அந்தத் தராசும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

காலையிலிருந்து மதியம் வரை மூத்தவள் ஜெசிந்தா மேரி. மதியத்திலிருந்து கடை சாத்தும் வரை இளையவள் மரிய செலின். மெஷின் ஒன்றுதான், அதற்குள் போகும் டோனர் கார்ட்ரிட்ஜும் ஒன்றுதான். காலியாகும்போதெல்லாம் புதிது வாங்கினால் கடையை விற்றுத்தான் கார்ட்ரிட்ஜுக்குக் கட்ட வேண்டும். அதனால் பழையதையே திறந்து மைப் பவுடர் நிரப்புவார்கள். கை மாறுகிற ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றித் தராசில் வைப்பார்கள். யார் கையில் அதிகம் இளைத்ததோ அவள் அடுத்த பவுடர் பாட்டிலை வாங்க வேண்டும். பச்சைக் குழந்தையைக்கூட யாரும் இவ்வளவு அக்கறையாக எடை பார்த்திருக்க மாட்டார்கள். ரெண்டு கிராம் வித்தியாசத்துக்கு இருவரும் போடுகிற சத்தத்தில் பக்கத்து டீக்கடை அமுதம் பால் பொங்குவதையும் மறந்து வேடிக்கை பார்ப்பாள்.

இந்தப் பங்கைப் பேசி முடித்தவர் மாமனாரின் தம்பி பெனடிக்ட். மூன்று நாள் பஞ்சாயத்தில் களைத்துப்போய்க் கடைசியாக ஒரு நிபந்தனை போட்டார். யாருடைய நேரத்தில் மெஷின் படுத்துக்கொள்கிறதோ அவள் கடையை விட்டு இறங்கிவிட வேண்டும். மெஷினைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம். ஜெசிந்தாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. செலின் நேரத்தில் மெஷின் படுத்தால் கடை முழுசும் தனக்கு.

அதற்கான சரக்கும் அவளிடம் இருந்தது. பவுடர் நிரப்புகிற ஒவ்வொரு தடவையும் கார்ட்ரிட்ஜின் இன்னொரு அறையில் சேர்ந்திருக்கும் கழிவுத் தூளைத் தட்டி எடுக்க வேண்டும். காகிதத் தூசியும் கசடும் கலந்த கரி அது. ஊரில் எல்லோரும் குப்பையில் கொட்டுவார்கள். ஜெசிந்தா எதையும் கொட்டுகிற ஜாதியில்லை. எதற்காவது ஆகும் என்று ஊறுகாய் ஜாடியில் சேர்த்து வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலை அது ஆயிற்று. நல்ல பவுடரை ஒரு கவரில் கொட்டிக்கொண்டு, அதே எடைக்குக் கழிவுத் தூளை உள்ளே திணித்தாள். மூடியைப் பேருக்கு அழுத்தி வைத்தாள். நாலு பக்கம் ஓடினால் போதும், தூள் முழுக்க மெஷினின் வயிற்றில் கொட்டிப் பல்சக்கரம் எல்லாம் பிடித்துக்கொள்ளும். மதியம் செலின் வந்தாள், எடை பார்த்தாள், தராசு முந்தின நாள் கணக்கையே ஒப்பித்தது. ஜெசிந்தா சாவியைக் கொடுத்துவிட்டு, நல்ல பவுடரைப் பையில் போட்டுக்கொண்டு கூடப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினாள். வீட்டில் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெஷின் செத்த சேதி வரவே இல்லை. பொறுக்காமல் அமுதத்துக்குப் போன் போட்டு நலம் விசாரித்தாள். செலின் கடையில் கூட்டம் நெட்டித் தள்ளுகிறது என்று அமுதம் சொன்னாள்.

மறுநாள் காலை சாவி கொடுக்க வந்த செலின், கார்ட்ரிட்ஜைத் தராசில் வைத்தாள். ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

ஜெசிந்தா தராசைக் குனிந்து பார்த்தாள். அவ்வளவு கூட்டத்துக்கும் அடித்துக் கொடுத்த கார்ட்ரிட்ஜ் எப்படி இளைக்காமல் இருக்கும்? செலின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பை வழக்கத்தைவிடப் பருமனாக இருந்தது.

"பாத்துக்கக்கா, ஒன் சாமான் நீ குடுத்த மாதிரியே இருக்குது" என்றாள் செலின். சாவியை மேசையில் வைத்தாளே தவிர, போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டாள். இவள் தொலைந்தால் தூளைக் கொட்டிவிட்டு, வீட்டுக்கு ஆளனுப்பி நல்ல பவுடரை வரவழைக்கலாம். கிளம்பவில்லையா என்று கேட்டாள். வெயில் தாழட்டும் என்றாள் செலின். மணி எட்டுகூட ஆகவில்லை.

அந்த நேரம் பார்த்து, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெனடிக்ட் உள்ளே வந்தார். அன்று அவருடைய மகளுக்குக் கல்யாணம். கல்யாணப் பூசைக்குக் கோயிலில் கொடுக்க வேண்டிய திருப்பலித் தாளில், முதலில் பேசி முறிந்துபோன மாப்பிள்ளையின் பெயரையே அச்சகத்துக்காரன் போட்டுவிட்டானாம். புது மாப்பிள்ளையின் அப்பா கோயில் வாசலில் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி நிற்கிறாராம். மற்றக் கடை எதுவும் இன்னும் திறக்கவில்லை. திருத்தின தாளை நீட்டி, இருநூறு பிரதி, உடனே என்றார்.

ஜெசிந்தா மெஷினைப் பார்த்தாள். இந்தக் கார்ட்ரிட்ஜைப் போட்டால் சின்ன மாமா கண் முன்னாலேயே மெஷின் படுக்கும், அதுவும் தன்னுடைய நேரத்தில். மெஷின் ஓடாது என்று சொன்னாலோ, படுத்துவிட்டது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி.

"இன்னாம்மா மலைச்சி நிக்கிற? மெஷின் நல்லாத்தான இருக்குது?" என்றார் பெனடிக்ட்.

"நல்லா இருக்குது சின்ன மாமா. நேத்து ராத்திரி வரைக்கும் நான்தான் ஓட்டுனேன்" என்று செலின் முந்திக்கொண்டாள். "அக்கா கார்ட்ரிட்ஜ்ல பவுடர்தான் சரியில்லபோல. எங்கிட்ட ஒண்ணு இருக்குது. குடுக்கலாம்."

"குடேன்" என்றார் பெனடிக்ட்.

"குடுக்கலாம் மாமா. அக்கா கேக்கட்டும்."

ஜெசிந்தா அவளை வாசல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். இருவரும் உதடு அசையாமல் பேசிக்கொண்டார்கள்.

"எப்படிடி கண்டுபுடிச்ச?"

"ரெண்டு கிராமுக்குத் தெருவக் கூட்டுறவ, நேத்து வாயத் தொறக்காம சாவியக் குடுத்துட்டுப் போன. அப்பவே தெரிஞ்சிபோச்சி. மூடியத் தொறந்து பாத்தேன். கொஞ்ச நேரம் கடையச் சாத்திட்டுப் போயி வேற ஒண்ணு வாங்கியாந்தேன்."

"இன்னா வேணும் ஒனக்கு?"

"காலை நேரம்."

பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், பேங்க் எல்லாம் காலையில்தான். மதியத்துக்கு மேல் வருவது நோட்டுக் கேள்விகளை நகலெடுக்கிற பிள்ளைகளும் ஈயும்தான். ஒரு வாரத்துக்கு என்று பேரம் ஆரம்பித்தாள் ஜெசிந்தா. செலின் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ஒரு மாதம் என்றாள் ஜெசிந்தா. செலின் செருப்பை மாட்டினாள். உள்ளேயிருந்து பெனடிக்ட், கல்யாணத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று கத்தினார்.

"எடுத்துக்கோ. நல்லா இருப்படி நீ" என்றாள் ஜெசிந்தா. வாழ்த்துகிற குரலில் இல்லை அது.

செலின் உள்ளே போனாள். இன்றிலிருந்து காலை தனக்கு, மதியம் அக்காவுக்கு, அக்காவே மனசார விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று பெனடிக்டிடம் சொன்னாள். ஓரகத்திகளுக்குள் இப்படி ஒற்றுமை வந்ததற்கு அவர் மாதாவுக்கு நன்றி சொன்னார். பையிலிருந்து தன் கார்ட்ரிட்ஜை எடுத்த செலின், மெஷினில் போடுவதற்கு முன் அதைத் தராசில் வைத்து எடை பார்த்தாள். இருநூறும் பளிச்சென்று வந்தன. பெனடிக்ட் தாளை அள்ளிக்கொண்டு ஓடினார்.

ஜெசிந்தா தன் கார்ட்ரிட்ஜை மெல்ல முந்தானையில் சுற்றினாள்.

"அது இங்கியே இருக்கட்டும்" என்றாள் செலின். "சின்ன மாமா என்னிக்காவது கேட்டா காட்டணுமில்ல."

கையிலிருந்து வாங்கி, மாதா படத்துக்குப் பக்கத்து அலமாரியில், வாசலில் நிற்பவர்களுக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

இப்போதெல்லாம் மதியம் கை மாறும்போது ஜெசிந்தா தராசைப் பார்ப்பதில்லை. முதலில் அண்ணாந்து அலமாரியைப் பார்க்கிறாள். அந்தக் கழிவுத் தூள் கார்ட்ரிட்ஜ் அங்கேயே இருந்தால்தான் மெஷினைத் தொடுகிறாள்.