திங்கட்கிழமைத் தேதி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மறைந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு நினைவு மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நானும் ‘மக்கள் தொண்டே மூச்சாக வாழ்ந்த’ என்று தொடங்கி

சே, வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வருகிறது. அடுத்து: ‘நான்கு முறை வென்ற அவர் ஒருமுறைகூட’. ஒருமுறைகூட என்ன? எனக்குத் தெரிந்தால்தானே! அவரிடம் பத்தொன்பது வருடம் தட்டச்சு செய்த அம்மாவைத் தேடிப் போனேன். கதை அந்தம்மாவுடையதாகிவிட்டது.

2

உறுப்பினருக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து, மனுக்களுக்கான பரிந்துரைக் கடிதங்களில் கையெழுத்திடுவார். தேதி மட்டும் வரும் திங்கட்கிழமையுடையது.

“வெள்ளிக்கிழமைன்னு போட்டா, பழசுன்னு அடியில தள்ளிடுவாங்கம்மா. புதுசா இருந்தா மேல கிடக்கும்” என்பாராம்.

(இவ்வளவு நல்லவரா என்று எனக்கும் சந்தேகம்தான். கேட்டேன். முன்கோபக்காரர், சபையில் தூங்கி வழிவார் என்றார் அந்தம்மா. மலருக்கு ஆகாது, இங்கே இருக்கட்டும்.)

கடைசி வெள்ளிக்கிழமை ஒரு தையல்காரரின் மனு. அவர் மனைவிக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மேட்டுத் தெருவுக்குப் பேருந்து கிடையாது. நடந்து திரும்பும்போது பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிடுகிறார். பேருந்து கேட்டு எழுதிய கடிதம் அன்றே தபாலில் போனது. ஞாயிறு காலை உறுப்பினர் கண்ணை மூடிவிட்டார்.

3

மூன்று வாரம் கழித்துப் போக்குவரத்து அலுவலகத்தில் அந்தம்மாவைக் கூப்பிட்டார்கள். அதிகாரி கடிதத்தைத் தட்டிக் காட்டினார்.

“ஞாயித்துக்கிழமை செத்தவரு திங்கட்கிழமை எப்படிம்மா கையெழுத்துப் போட்டாரு? நீங்களே போட்டீங்களா?”

போலி என்று அதிகாரி எழுதிவிட்டால் பேருந்தும் போச்சு, மனிதரின் பேரும் போச்சு. வெளியே பெஞ்சில் தையல்காரர் வேறு காத்திருந்தார்.

“சார், அவரோட பழைய கடிதமெல்லாம் எடுங்க. ஒண்ணு விடாம தேதியப் பாருங்க.”

எழுத்தர் முணுமுணுத்துக்கொண்டே கட்டை அவிழ்த்தார். நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்தார்கள். முப்பத்தேழு கடிதங்கள். முப்பத்தேழும் திங்கட்கிழமை.

“அட மனுஷா! இத்தனை வருஷமா நம்மள ஏமாத்தியிருக்காரே!” அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “நம்புறேன்மா. ஆனா இப்ப தொகுதி காலி. உயிரோட இருக்கிற யாராவது கேக்கணும். நீங்களே எழுதுங்களேன்.”

“நானா? நான் வெறும் டைப்பிஸ்ட் சார்!”

அதிகாரி வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். ஆயிரக்கணக்கில் கடிதம் அடித்த கை, தன் பெயரில் ஒன்றுகூட எழுதியதில்லை. முதல் வரிக்கே அரைமணி நேரம் ஆனதாம்.

4

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதி அடித்துவிட்டேன். ஒன்றில் புதுப் பேருந்துக்கு மாலை போட்டேன். அது என் ஆசை. இன்னொன்றில் கோப்பைத் தொலைத்தேன், கை வரவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். அந்தம்மாவின் பெயருக்குக் கீழே தையல்காரர் கையெழுத்திட்டார். பிறகு அவர் மனைவி. நேற்றுவரை மேட்டுத் தெருவில் நூற்றுப் பன்னிரண்டு பேர். கதை கேட்கப் போன என்னிடமும் அந்தம்மா தாளை நீட்டினார்.

“மலரெல்லாம் அப்புறம் எழுதலாம். முதல்ல இதுல போடுங்க.”

போட்டேன். மனு நாளைக் காலை போகிறது. என் பெயருக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது. இந்தாருங்கள், பேனா.