இருட்டாக இருந்தால் நிறைந்துவிட்டது

என் மனைவி மதுவந்தி இறந்து ஐந்து மாதம் ஆகியும் அவளுடைய பாட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். யு.பி.எஸ்.ஸில் இருக்குமே, அந்த மூடிய வகை. சும்மா வைத்தால் தானாக இறங்கிக் கெட்டுப்போகும். அதையும், கரண்ட் போனால் அது ஓட்டும் மூச்சு இயந்திரத்தையும், தீராத நோயாளிகளை வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் குழு இரவல் தந்திருந்தது. நல்லபடியாகத் திருப்பித் தர வேண்டும்.

சார்ஜர் நான் செய்தது. சிசிடிவி காமிராவின் பவர் சப்ளை ஒன்றைப் பதின்மூன்று புள்ளி எட்டு வோல்ட்டுக்குத் திருகி, வயரின் நடுவில் ஒரு டார்ச் பல்பை வைத்தேன். பாட்டரி இறங்கியிருந்தால் பல்ப் எரியும். சார்ஜ் ஏற ஏற மங்கும். இருட்டாக இருந்தால் நிறைந்துவிட்டது. மதுவந்திக்கு அது பிடித்திருந்தது. கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை மழையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பாட்டரி அடிவரை இறங்கியது. இரவு சார்ஜில் போட்டேன். பல்ப் வெள்ளையாக எரிந்தது. காலையில் இருட்டாக இருந்தது. பாட்டரி நிறைய ஒரு முழு நாளாவது ஆகும் என்று பௌதிகம் படித்த எனக்குத் தெரியும். நேரமாகிவிட்டது. ஞாயிறு ஷிப்டுக்கு வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போய்விட்டேன்.

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மறுபடி கரண்ட் போனது. பார்த்துக்கொள்ள வரும் பெண் பாட்டரிக்கு மாற்றினாள். இயந்திரம் பதினொரு நிமிடம்தான் ஓடியது.

நோய் முற்றிவிட்டது என்றார்கள் எல்லோரும். நான் மறுக்கவில்லை. அன்றிரவு பல்பைக் கழற்றிப் பார்த்தேன். இழை அறுந்திருந்தது.

புது பல்ப் போட்டேன். பழையதை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். வயர் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு மூன்று நாற்பதுக்கு அது எரிந்தது.

சீராக எரியவில்லை. ஏறியது, இறங்கியது. எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினாறு. இயந்திரத்தில் அவளுக்கு வைத்திருந்த மூச்சுக் கணக்கு அது. பதினொரு நிமிடத்தில் அணைந்தது. பாட்டரியை அளந்தேன். கொஞ்சம் குறைந்திருந்தது. புது பல்ப் லேசாக எரிய ஆரம்பித்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கும் போகவில்லை.

டிசம்பரில் ஷபானா வந்தாள். பாலியேட்டிவ் குழுவின் தொண்டர்.

"சேட்டா, இனி தள்ள முடியாது. கொச்சங்காடியில ஒரு சேச்சிக்கு மெஷீன் வேணும். நீங்களே வந்து மாட்டிக் கொடுங்க. உங்க சூத்திரம் எனக்குப் புரியாது."

ஞாயிறு. மூன்று மணி. பழைய பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரே அறை. செல்வலட்சுமி சுவரோரம் சாய்ந்திருந்தார், முகத்தில் முகமூடி. அவர் கணவர் பாண்டியராஜன், தேனிக்காரர், கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர். நான் எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். புது பல்ப் இருட்டாக இருந்தது.

"என்னண்ணே, எரியலையே?"

"நிறைஞ்சிருக்கு. இருட்டா இருந்தா நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

"எரிஞ்சா பசி, அணைஞ்சா வயிறு ரொம்பிருச்சு. கேட்டியா லட்சுமி, இனி பல்பைப் பார்த்துட்டு நான் நிம்மதியா வேலைக்குப் போயிருவேன்."

செல்வலட்சுமி முகமூடிக்குள் சிரித்தார். "இல்லாட்டி மட்டும் வீட்லயே இருந்தீகளாக்கும்."

ஷபானா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் அப்படியே எழுந்து போயிருக்கலாம்.

"பாண்டியராஜன், அது மட்டும் போதாது," என்றேன். "பல்ப் ஃபியூஸ் ஆனாலும் இருட்டாத்தான் இருக்கும். பாட்டரி ரொம்ப இறங்கினா பல்ப் தாங்காது. நீங்க நிறைஞ்சிருச்சுன்னு நினைச்சுட்டுப் போயிருவீங்க."

அவர் சிரிப்பு நின்றது. "அப்படி ஆகுமா?"

"ஆச்சு. என் வீட்ல."

ஷபானா என்னைப் பார்த்தாள். "சேட்டா, அன்னைக்கா?"

"ஆமாம். காலையில நான் அளந்து பார்த்திருக்கணும். பார்க்கல."

இயந்திரம் மூச்சு விட்டது. என் மீட்டரை பாண்டியராஜன் கையில் கொடுத்தேன். எங்கே தொட வேண்டும் என்று காட்டினேன். இருட்டாகவும் இருந்து, பதின்மூன்றுக்குக் கீழேயும் காட்டினால் பல்பை மாற்ற வேண்டும். ஆறு புது பல்புகளும் கொடுத்தேன். அவர் தானே அளந்து பார்த்தார். பதின்மூன்று புள்ளி ஏழு. மறுபடி அளந்தார்.

பிறகு என் மார்பைப் பார்த்தார்.

"அண்ணே, பையில போன் லைட் எரியுது."

போன் என் கையில் இருந்தது. மணி மூன்று நாற்பது.

துணிக்குள் வெளிச்சம் ஏறியது, இறங்கியது. ஷபானாவும் பார்த்தாள். தரையில் உட்கார்ந்தேன். பல்ப் சட்டை வழியாகச் சுட்டது. மூன்று ஐம்பத்தொன்று வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்திரண்டு ஆயிற்று. அணையவில்லை. செல்வலட்சுமியின் மூச்சோடு சேர்ந்து, ஏறி இறங்கியது.