அரசியின் மூச்சு

திருவிழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது அரசி டோஹாவுக்குப் போய்விட்டாள். அரசி என்றால் யோசப். கல்முனையில் கத்தோலிக்கக் கோயிலின் திருவிழா நாடகத்தில் பன்னிரண்டு வருடமாக மீசையை மழித்து, சேலை கட்டி, பெண் குரலில் பாட்டுப் படித்து வந்தவன். கட்டட வேலைக்கு விசா வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை காலை கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டான். அன்று அந்த பஸ்ஸுக்குக் கொண்டக்டர் சில்வெஸ்டர். நாடகத்தில் அரசனும் அவன்தான். "என்ர அரசிக்கு நானே ரிக்கற் கிழிச்சுக் குடுத்தன்" என்று டிப்போவில் சொல்லிச் சிரித்தாலும், உள்ளே அவனுக்குக் கலக்கம். அரசி இல்லாமல் நாடகம் இல்லை. போருக்குப் போன ஒரே மகன் பிணமாக வந்து கிடக்க, அரசி அழுது படிக்க வேண்டும். அந்த அழுகை முடியும் இடத்தில்தான் அரசன் எழுந்து பழி வாங்குவதாகச் சபதம் எடுப்பான். ஊர் வருவதே அந்த இரண்டு பாட்டுக்காக.

சில்வெஸ்டருக்குக் குரல்தான் சொத்து. மிதிபலகையில் நின்று "அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று" என்று அவன் கூப்பிட்டால் சந்தைக்குள் மீன் பேரம் பேசிக்கொண்டு நிற்பவன் ஓடி வருவான். மேடையில் மைக் இல்லாமல் உச்சச் சுருதியில் எடுத்தானென்றால் கடைசி வரிசைக்கு அப்பால் மணலில் குந்தியிருப்பவர்களுக்கும் சொல் சொல்லாக விளங்கும். அப்படிப் படிக்கிறவனுக்கு றேடியோவில் வரும் பொப் பாட்டுகள் பிடிக்காமல் போனதில் அதிசயம் இல்லை. மைக்கைக் கடித்துத் தின்கிற மாதிரி வாயோடு வைத்துக்கொண்டு, காதலி காதுக்குள் சொல்லுவதுபோல முணுமுணுத்து, மூச்சு வாங்குவதையும் பாட்டென்று சேர்த்து விற்கிறார்கள் என்பான். அவன் வீட்டுக்குப் பக்கத்துக் காணியில் அப்துல் ஸமட்டின் றேடியோ திருத்தும் கடை. ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பதும் அவர்தான். திருத்திய பெட்டிகளைச் சோதிக்கவென்று காலையிலிருந்து மாலைவரை பொப் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் சில்வெஸ்டரின் மனைவி ஞானராணி தையல் மெசினை மிதித்துக்கொண்டிருப்பாள்.

பெண்களே பெண் வேஷம் கட்டலாம் என்று சுவாமியார் அந்த வருடம் அனுமதி கொடுத்திருந்தார். பழக்கம் நடக்கும் மண்டபத்தில், நாடகம் பழக்கும் அண்ணாவியார் சின்னப்போடி, ஆர் முன்வாறயள் என்று கேட்டபோது பெண்கள் பக்கம் ஒருவரும் அசையவில்லை. பிறகு, ஆண்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்திருந்த ஞானராணி கிண்ணத்தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் படிக்கிறன்."

சில்வெஸ்டர் தன் காதை நம்பவில்லை. சூறாவளி அடித்து இரண்டு வருடமாகிறது. அன்று அவன் பஸ்ஸோடு மட்டக்களப்பில் அகப்பட்டுக்கொண்டான். முறிந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி மூன்றாம் நாள் நடந்து வந்து சேர்ந்தபோது வீடு இல்லை. நாலு வயது மகள் ஜெசிந்தாவை அடக்கமும் செய்துவிட்டிருந்தார்கள். சுவர் விழுந்த உடனே முடிந்துவிட்டது, பிள்ளை ஒன்றும் உணரவில்லை என்று ஞானராணிதான் சொன்னாள். அவன் நிலத்தில் புரண்டு அழுதான். அவள் அழவில்லை. அன்றும் இல்லை, அதன் பிறகும் இல்லை. முன்பெல்லாம் தையலோடு ஏதாவது பாடிக்கொண்டிருப்பவள், வாயை மூடிக்கொண்டாள். கல் மனம் என்று அவனுடைய அக்காமார் கதைத்தார்கள். அவனும் சில நாட்களில் அப்படி நினைத்ததுண்டு.

பழக்கம் சரிவரவில்லை. யோசப்பின் சுருதியில் அவளுக்குக் குரல் எட்டவில்லை. சின்னப்போடி ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக இறக்கி இறக்கி, கடைசியில் ஆண்களே படிக்கக் கூச்சப்படும் கீழ்ச் சுருதிக்கு வந்து சேர்ந்தார். அதில் அவள் படித்தாள். நாலாவது வரிசைக்குக் கேட்கவில்லை. ஸமட்டைக் கூப்பிட்டு மைக் பூட்டினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் அதைக் கம்பியிலிருந்து கழற்றி, உதட்டோடு வைத்து, இரண்டு வரி படித்தாள். சொல்லின் கடைசியை இழுத்து வீசாமல் பாதியிலேயே விட்டாள். அடுத்த சொல்லுக்கு முன் அவள் எச்சில் விழுங்கியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

சில்வெஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினான். "இது பொப் பாட்டு புள்ள. நாடகத்துக்கு ஒத்துவராது. அரசி இப்பிடி முனகினா அரசன் எப்பிடி அதுக்கு மறுகா எழும்பிச் சபதம் எடுக்கிற?"

"எனக்கு இந்தக் குரல்தான் இரிக்கி" என்றாள் அவள்.

"தம்பி, அத விடுங்க" என்றார் ஸமட். "மைக்குக்கு அந்தக் குரல் பிடிச்சிரிக்கி."

வீட்டில் அவன் விடவில்லை. வயிற்றிலிருந்து எடு, தூரத்தில் ஒருவன் நிற்கிறான் என்று நினைத்து வீசு என்று தினமும் பழக்கினான். அவள் மறுப்புச் சொல்லாமல் வீசிப் படித்தாள். குரல் உடைந்தாலும் படித்தாள். திருவிழாவுக்கு முதல் நாள் அவனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.

நாடகம் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கியது. அஸர் தொழுகை முடிந்து சாய்ந்தமருதுப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முக்காடிட்ட பெண்கள் வேலியோரம் நின்றார்கள். போர்க்களக் காட்சிகள் வழக்கம்போல் போயின. சில்வெஸ்டர் மைக்கை விட்டு ஆறடி தள்ளி நின்று படித்தான், கைதட்டல் விழுந்தது. பிறகு இளவரசனின் உடலைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தலையணைகளைச் சேர்த்துக் கட்டி வெள்ளைத் துணி சுற்றிய உருவம். அரசி வந்தாள். நின்று, மார்பில் அடித்து, சபையைப் பார்த்துப் படிக்க வேண்டும். ஞானராணி மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்தில் அமர்ந்தாள். சபைக்கு முதுகைக் காட்டியபடி அந்தத் துணியின் மேல் குனிந்தாள்.

முதலில் பாட்டு வரவில்லை. மூச்சுத்தான் வந்தது. மேலே தென்னையில் கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிகளும் அதை எடுத்து ஊருக்குச் சொல்லின. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓரிருவர் சிரித்தார்கள். பிறகு, மகனே எழுந்திரு, யுத்தம் முடிந்தது என்று எழுதியிருந்த இடத்தில் அவள் மெல்ல, பிள்ளையைத் தட்டி எழுப்புகிற அளவுக்கு மட்டும், படித்தாள்:

"எழும்பு மனே... மழை விட்டுட்டு."

சின்னப்போடியின் விரல் ஆர்மோனியத்தில் தடுமாறியது. மெட்டு அதேதான், சொல் நாடகத்தில் இல்லை. சில்வெஸ்டர் சிம்மாசனத்தில் இருந்தபடி அவளுடைய முதுகைப் பார்த்தான். வரி மறந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

"தண்ணி கேட்டாய் மனே... சேலையில ஏந்தின மழையத்தானே தந்தன். ஒரு மிடறு குடிச்சாய். மற்ற மிடறுக்கு ஏன் வாய் திறக்கல்ல."

உடனே முடிந்துவிட்டது என்றாளே. ஒன்றும் உணரவில்லை என்றாளே. இரண்டு வருடமாக அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் பஸ்ஸில் ஏறினான், சோறு தின்றான், நித்திரை கொண்டான். இப்போது அந்தச் சொல் அவன் கண் முன்னால், ஐந்நூறு பேருக்கு நடுவே இடிந்து விழுந்தது. குரல் உயரவில்லை. அவள் யாருக்கும் வீசிப் படிக்கவில்லை. மைக்குக்கும் அவளுடைய உதட்டுக்கும் நடுவே ஒரு பிள்ளையின் காது இருக்கும் அளவு இடம் இருந்தது. அதற்குள்தான் பாட்டு நடந்தது. வேலியோரத்தில் ஒரு பெண் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். அந்தச் சூறாவளி மழையை அறியாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

பாட்டு முடிந்தது. சபதத்துக்கான இடத்தைச் சின்னப்போடி உச்சச் சுருதியில் எடுத்துக் கொடுத்தார். அரசன் எழவில்லை. மீண்டும் எடுத்துக் கொடுத்தார். சில்வெஸ்டர் எழுந்தான், வாயைத் திறந்தான். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை. சபை காத்திருந்தது. மூன்றாம் தடவை சின்னப்போடி சுருதியை வாசிக்காமல் துருத்தியை மூடிவிட்டார். திரை விழுந்தது. யாரும் கைதட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை.

மண்டபத்தின் பின்னறையில் அவள் அரிதாரம் கலைக்க ஒரு மரப்பெட்டியின் மேல் அமர்ந்திருந்தாள். சில்வெஸ்டர் முடியோடும் உடைவாளோடும் வாசலில் நின்றான். உள்ளே போவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் போனான்.

"உடனே எண்டு சொன்னியே."

அவள் ஓமென்று தலையை ஆட்டினாள். "நீங்க நடந்து வந்த கால் ரெண்டும் வெடிச்சு ரெத்தமாக் கிடந்திச்சி. அதப் பார்த்திட்டு எப்பிடிச் சொல்ற?"

"பிள்ள எவ்வளவு நேரம் உசிரோட இருந்தா?"

"விடியப்புறம் பள்ளியில ஸுபஹுக்கு வாங்கு சொன்னாங்க. கரண்டும் இல்ல, மைக்கும் இல்ல, வெறும் வாயால. அது வரைக்கும் இருந்தா."

"என்னத் தேடினாளா?"

வெளியே ஸமட் மரத்திலிருந்து ஒலிபெருக்கியை இறக்கும் சத்தம் கேட்டது. கயிறு தென்னையில் உரசியது. ஞானராணி துணியில் தேங்காயெண்ணெய் விட்டு, எழுந்து வந்து, அவன் முகத்தில் மையால் வரைந்திருந்த அரச மீசையைத் துடைக்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் போனது. மற்றப் பக்கத்துக்கு வந்தபோது துணி அவன் கண்ணீரில் நனைந்து வழுக்கியது. மை கன்னத்தில் பரவி, கழுத்து வழியாகப் பட்டுச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கண்ணை மூடாமல், பதிலுக்காக அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.