மீன்: நலம்

1

ஒரு கெட்ட எண்ணத்திலிருந்து பிறந்த கதை இது. திருப்பூரை ஒட்டிய சின்ன ஊர் ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், வாசலருகே ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஒரே ஒரு சிவப்பு மீன். ‘நான் வாழ்வது சுத்திகரித்த நீரில்’ என்று மீனின் சார்பாக ஒரு பலகை. பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது: இது செத்தால் நல்ல கதை.

(அடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இருக்கட்டும்.)

2

முதல் வரி: நொய்யலை நோக்கிப் போகும் அந்த ஓடை அன்று ஊதா நிறத்தில்—

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ரோஸ்மேரியிடம் படித்துக் காட்டினேன். “எங்க ஓடை எப்பவும் காப்பி கலருதாங்கக்கா. அதுவும் நேத்து வெச்ச காப்பி” என்றாள்.

இரண்டாவது முயற்சி: ரோஸ்மேரிக்கு மீன்கள் என்றால் உயிர். அவள்—

அதுவும் பொய். அவள் பெற்றோர் தூத்துக்குடியிலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். மீன் என்றால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. இந்த மீனோடு அவளுக்கு இருப்பது உத்தியோக உறவு. திங்கள்தோறும் காலையில் தொட்டியைக் காலிசெய்து, சுத்திகரித்த நீர் ஓடைக்குப் போகும் குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து விடுவாள். தினமும் பதிவேட்டில் ‘மீன்: நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பதினோரு மாதமாக.

(ஆய்வக எண்களும் உண்டு. ஆனால் கீழே ஓடையோரம் மாடு வைத்திருக்கும் ராசப்பனுக்கு எண்களில் நம்பிக்கை கிடையாது. வாரமொரு முறை வண்டியில் வந்து, “மீனு நல்லாருக்குதுங்களா கண்ணு?” என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்த்தான் மாடுகளை ஓடையில் விடுவார்.)

3

நானும் அடிக்கடி போன் செய்து மீனை விசாரித்தேன். எனக்கு எவ்வளவு பாசம் என்று ரோஸ்மேரி நெகிழ்ந்தாள். ‘நல்லாருக்குதுங்கக்கா’ என்று அவள் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குள் எதுவோ சலித்துக்கொண்டது. அதன் பெயரை இங்கே எழுத—

4

போன திங்கள் சாயங்காலம், மறந்துபோன டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி வந்தாள் ரோஸ்மேரி. கூட்டிப் பெருக்கும் ஒச்சாயி, தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குடிதண்ணீர் கேனைச் சரித்து நிரப்பிக்கொண்டிருந்தாள். மீன் ஒரு மக்கில் காத்திருந்தது.

“ஊரே கழுவி ஊத்துன தண்ணி தாயி. வாயில்லாச் சீவன். அதுக்குள்ள நீ ஒருநா கெடப்பியா?”

“எத்தன நாளா?”

“வந்த நாள்லருந்து. கேன் சீக்கிரம் தீருதுன்னு வாட்ச்மேன ஏசுனியே, அப்பவே சொல்லீருப்பேன்.”

ரோஸ்மேரி எனக்குப் போன் செய்தாள். “அப்ப நான் எழுதுனது பூராம் பொய்யாங்கக்கா? அந்த மாடுங்க?”

“அற்புதம்” என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒச்சாயிக்கு வேலை போகிறது: ஒரு பத்தி எழுதி, அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைக்கும் இடத்தில் கை நின்றுவிட்டது. யாரும் எதுவும் சொல்லாமல் கேன் தண்ணீரிலேயே மீன் நீடூழி வாழ்கிறது: நடக்கக்கூடியது, அதனால்தான் பயமாக இருக்கிறது. ஓடைக்குப் போகும் குழாய்த் தண்ணீரில் விட்டும் மீன் துள்ளுகிறது: பத்திரிகைக்குப் பிடிக்கும், ஆனால் எனக்குத் தெரியாததை நான் எப்படிச் சொல்வது? கடைசியாக, மீன் சாகிறது. ஆசைப்பட்டு வந்த முடிவு. எழுத உட்கார்ந்தால், ராசப்பனின் மாடுகள் ஒவ்வொன்றாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கின்றன.

6

இந்தத் திங்கள் போனேன். கேனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பியிருந்தாள் ரோஸ்மேரி. மீன் மக்கில். ஒச்சாயி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வாசலில் ராசப்பன் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். எல்லாவற்றையும் ரோஸ்மேரியே அவரிடம் சொல்லிவிட்டாளாம்.

“உங்க நோட்ட மூடுங்கக்கா” என்றாள். “நீங்க அத ஆசையாப் பாக்கறீங்க.”

மூடிவிட்டேன். ஆகவே மக்கை உங்களிடம் தருகிறேன். கனமில்லை, உள்ளே அது அசைவது மட்டும் விரலில் தெரியும். அலமாரிச் சாவி மேசைமேல் இருக்கிறது. தொட்டி எதிரில். மாடுகள் இன்னும் கட்டுத்தறியில்தான்.

பதிவேடு திறந்திருக்கிறது. பாதிவரை எழுதிவைத்திருக்கிறாள். மீதியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அவள் பெயரை அல்ல, உங்கள் பெயரை.

மீன்: